நோய் வந்தால் செலவு யார் கையில்? – மூன்று நாட்டு வழக்கமல்ல, மூன்று வழிகள்



தோட்டத்துக் கூட்டங்களில் அடிக்கடி ஒரு பேச்சு எழும். "வெளிநாட்டுல எல்லாருக்கும் வைத்தியம் சும்மாவாமே?" என்பார் ஒருவர். "அதெல்லாம் இல்லீங்க, அமெரிக்காவுல ஆஸ்பத்திரிக்குப் போனா வீட்டையே விக்கணுமாம்" என்பார் இன்னொருவர். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் எந்த நாட்டில், யாருக்கு, எப்படி என்று பிரித்துப் பார்க்காவிட்டால் இரண்டுமே பிழையாகிவிடும்.

இந்தப் பாடத்தில் மூன்று வழிகளை எடுத்துக்கொள்வோம். முதலாவது, அமெரிக்காவில் இராணுவத்தினருக்குக் கிடைக்கும் வைத்தியம். இரண்டாவது, அதே அமெரிக்காவில் வேலை கொடுக்கும் கொம்பனி எடுத்துத் தரும் காப்புறுதி. மூன்றாவது, பிரித்தானியாவில் அரசாங்கமே எல்லா மக்களுக்கும் நடத்தும் பொது வைத்தியம். கடைசியில் நமது தோட்டம் இதில் எங்கே நிற்கிறது என்றும் பார்ப்போம்.

காப்புறுதி என்றால் என்ன?

காப்புறுதி என்ற சொல் பெரிதாகத் தெரியலாம். காரியம் நமக்குப் பழக்கமானதுதான். நமது மரணாதார சங்கத்தை நினைத்துப் பாருங்கள். எல்லா வீட்டாரும் மாதா மாதம் ஒரு சிறு தொகை போடுகிறோம். எந்த வீட்டில் சாவு விழும் என்று யாருக்கும் தெரியாது. விழுந்த வீட்டுக்கு எல்லாருடைய காசும் போய்ச் சேருகிறது. சாவு விழாத வீட்டார் "நம்ம காசு வீணாப் போச்சே" என்று சொல்வதில்லை. பயமில்லாமல் இருந்தோமே, அதுதான் நமக்குக் கிடைத்த பலன்.

நோய்க்கும் இதே கணக்குத்தான். சுகமாக இருக்கும்போது எல்லாரும் போட்டு வைப்பது, நோய் வந்தவர் எடுத்துக்கொள்வது. அந்தக் காசை யார் சேர்ப்பது, யாரைச் சங்கத்தில் சேர்ப்பது என்பதில்தான் நாட்டுக்கு நாடு வித்தியாசம்.

ஆகவே எந்த ஏற்பாட்டைப் பற்றிக் கேள்விப்பட்டாலும் நான்கு கேள்விகளைக் கேளுங்கள்.

1. காசு யார் கட்டுகிறார்?
2. யார் யாருக்குக் கிடைக்கும்? மனைவி, பிள்ளை, வயதான தாய் தகப்பன் சேர்த்தியா?
3. ஆஸ்பத்திரியும் டொக்டரும் யாருடைய ஆட்கள்?
4. வேலை நின்றுபோனால் வைத்தியமும் நின்றுபோகுமா?

நான்காவது கேள்வியை விரலில் முடிச்சுப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஏற்பாடு நல்லதா கெட்டதா என்பது பெரும்பாலும் அதில்தான் வெளிப்படும்.

முதல் வழி: படையினருக்கான வைத்தியம்

அமெரிக்காவில் இந்த வழக்கம் மிகப் பழையது. 1798-ல் அந்த நாட்டு அரசாங்கம் கப்பல் தொழிலாளர்களுக்காக ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஒவ்வொரு கப்பல்காரருடைய சம்பளத்திலும் மாதம் 20 சதம் கழிக்கப்பட்டது. அந்தக் காசில் துறைமுகங்களில் கப்பல்காரர்களுக்கு ஆஸ்பத்திரி வைத்துப் பார்த்தார்கள். சம்பளத்தில் கழித்து வைத்தியம் கொடுப்பது என்பது இருநூறு வருடங்களுக்கு மேற்பட்ட யோசனை என்பதைக் கவனியுங்கள்.

இன்று சேவையில் இருக்கும் ஒரு சிப்பாய் நோய்ப்பட்டால் அவர் ஒரு சதமும் கட்டத் தேவையில்லை. முகாமிலேயே ஆஸ்பத்திரி இருக்கும். டொக்டரும் பல இடங்களில் சீருடை போட்டவராகவே இருப்பார். மருந்து, சத்திரசிகிச்சை எல்லாம் அரசாங்கச் செலவு. சிப்பாயின் மனைவி பிள்ளைகளுக்கு 1956-ல் ஒரு சட்டம் வந்தது. 1966-ல் அது விரிவாக்கப்பட்டது. 1990-களில் எல்லாம் ஒன்றாக்கப்பட்டு 'ட்ரைகேர்' என்ற பெயர் வந்தது. சேவையில் உள்ளவர், குடும்பத்தார், ஓய்வுபெற்றவர் எல்லாருமாகத் தொண்ணூறு இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள் இதற்குள் அடங்குகிறார்கள்.

ஆனால் ஒரு நிபந்தனை இருக்கிறது. ஓய்வுக்குப் பிறகும் ட்ரைகேர் தொடர வேண்டுமானால் பொதுவாக 20 வருட சேவை வேண்டும். ஐந்து, பத்து வருடத்தில் விலகியவருக்கு அது கிடையாது. அப்படிப்பட்டவர்களுக்கு இன்னொரு கதவு உண்டு. முன்னாள் படையினருக்கென்று ஒரு தனித் திணைக்களம் நாடு முழுவதும் சொந்த ஆஸ்பத்திரிகளை நடத்துகிறது. அங்குள்ள டொக்டர்களும் தாதிமாரும் அரசாங்கச் சம்பளக்காரர்கள். சேவையில் காயம்பட்டவர், அங்கவீனமானவர், வருமானம் குறைந்தவர் ஆகியோருக்கு அங்கே முதலிடம். ஆனால் அந்தக் கதவு முன்னாள் வீரருக்குத்தான். அவருடைய மனைவி பிள்ளைகளுக்குப் பொதுவாக இல்லை.

இதில் குறை இல்லையா? உண்டு. 2007-ல் தலைநகரிலுள்ள வோல்டர் ரீட் இராணுவ ஆஸ்பத்திரியில், காயப்பட்டு வந்த வீரர்கள் பூஞ்சணம் பிடித்த சுவரும் எலியும் உள்ள கட்டடத்தில் தங்க வைக்கப்பட்டிருந்தது பத்திரிகையில் வெளிவந்தது. இராணுவச் செயலாளர் பதவி விலக வேண்டி வந்தது. 2014-ல் பீனிக்ஸ் நகரிலுள்ள முன்னாள் படையினர் ஆஸ்பத்திரியில், நோயாளர்கள் மாதக்கணக்காகக் காத்திருந்ததை மறைக்கக் கணக்கு மாற்றி எழுதப்பட்டது வெளிச்சத்துக்கு வந்தது. அந்தத் திணைக்களத்துக்குப் பொறுப்பாக இருந்த எரிக் ஷின்செக்கியும் பதவி விலகினார்.

இரண்டு சம்பவத்திலும் ஒரு விஷயம் நாம் படிக்க வேண்டியது. சுவரிலே பூஞ்சணம் என்பதும், வரிசை நீளம் என்பதும் அங்கேயும் உண்டு. ஆனால் விஷயம் வெளியே வந்தபோது "இதற்கு யார் பொறுப்பு?" என்ற கேள்விக்கு ஒரு பதில் இருந்தது. பொறுப்பாளர் இன்னார் என்று தெரிந்த இடத்தில்தான் குறை சொல்லவும் முடியும், திருத்தவும் முடியும்.

இரண்டாம் வழி: கொம்பனி எடுத்துத் தரும் காப்புறுதி

அமெரிக்காவில் சாதாரண தொழிலாளர் சிப்பாய் அல்ல. அவருக்கு வைத்தியம் பெரும்பாலும் வேலை செய்யும் இடத்தின் மூலமே கிடைக்கிறது. 15 கோடிக்கு மேற்பட்டவர்கள் இப்படிக் காப்புறுதி பெறுகிறார்கள். இது எப்படி வந்தது என்பது சுவையான கதை.

1929-ல் டெக்சாஸ் மாநிலத்தின் டலஸ் நகரில், பேலர் ஆஸ்பத்திரி அங்குள்ள பாடசாலை ஆசிரியர்களோடு ஓர் ஏற்பாடு செய்தது. மாதம் 50 சதம் கட்டினால் வருடத்துக்கு 21 நாள் ஆஸ்பத்திரியில் தங்கிச் சிகிச்சை பெறலாம். நமது மரணாதார சங்கம் போலத்தான்.

1933-ல் இன்னொன்று. கலிபோர்னியாப் பாலைவனத்தில் பெரிய நீர்க்கால்வாய் வெட்டும் வேலை நடந்தது. ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள். அங்கே சிட்னி கார்ஃபீல்ட் என்ற இளம் டொக்டர் ஒரு சிறிய ஆஸ்பத்திரி போட்டார். நோயாளிகள் வந்தார்கள், காசு வரவில்லை. ஆஸ்பத்திரியை மூட வேண்டிய நிலை. அப்போது ஒரு ஏற்பாடு பிறந்தது. வேலைக் காயங்களுக்காக ஆளுக்கு நாளுக்கு 5 சதம் காப்புறுதிக்காரர் முன்கூட்டியே கட்டினார்கள். மற்ற நோய்களுக்குத் தொழிலாளர் இன்னும் 5 சதம் சேர்த்துக் கட்டினார்.

இதன் பிறகு நடந்ததுதான் முக்கியம். முன்பு காயம் வந்தால்தான் டொக்டருக்கு வருமானம். இப்போது காயம் வராவிட்டால்தான் அவருக்கு மிச்சம். ஆகவே ஆணி குத்திய காயங்கள் அதிகம் வருவதைக் கண்ட அவர், வேலைத்தளத்துக்கே போய் சிதறிக் கிடந்த ஆணிகளை அப்புறப்படுத்தச் சொன்னார். காசு எப்படிக் கட்டப்படுகிறது என்பதைப் பொறுத்து டொக்டரின் கண் எங்கே போகும் என்பதும் மாறும். பிற்காலத்தில் கைசர் என்ற பெரிய முதலாளியின் கப்பல் கட்டும் தளத்தில் இதே முறை வளர்ந்து, 1945-ல் பொதுமக்களுக்கும் திறந்துவிடப்பட்டது.

பிறகு யுத்தம் வந்தது. 1942-ல் அமெரிக்க அரசாங்கம் சம்பள உயர்வுக்குக் கட்டுப்பாடு போட்டது. ஆள் தட்டுப்பாடு வேறு. கூடச் சம்பளம் கொடுக்க முடியாத கொம்பனிகள் "எங்களிடம் வந்தால் வைத்தியக் காப்புறுதி தருகிறோம்" என்று ஆட்களை இழுத்தன. 1954-ல் வரிச் சட்டம் இந்தக் காப்புறுதிக் காசுக்கு வரிவிலக்கைத் தெளிவாக்கியது. இப்படித்தான் வைத்தியமும் வேலையும் ஒன்றாக முடிச்சுப் போடப்பட்டன. யாரும் உட்கார்ந்து யோசித்துத் திட்டம் போட்டதல்ல. காலத்தின் நெருக்கடியில் விழுந்த முடிச்சு.

தொழிற்சங்கங்களுக்கும் இதில் பங்குண்டு. 1946-ல் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து, வெட்டும் ஒவ்வொரு தொன் நிலக்கரிக்கும் 5 சதம் தொழிலாளர் நலநிதிக்குப் போக வேண்டும் என்று ஒப்பந்தம் பெற்றார்கள். அந்த நிதியில் 1956-ல் மலைப்பகுதிகளில் 10 ஆஸ்பத்திரிகள் திறக்கப்பட்டன. அதற்கு முன் நல்ல டொக்டரைக் காணாத மலை ஊர்கள் அவை. ஆனால் நிலக்கரிக்குக் கிராக்கி குறைந்தபோது நிதியும் வற்றியது. 1960-களின் ஆரம்பத்தில் அந்த ஆஸ்பத்திரிகளைச் சங்கம் கைவிட நேர்ந்தது. ஒரே பொருளின் விலையை நம்பி வைத்தியத்தை வைத்தால், பொருளின் விலை விழும் நாளில் வைத்தியமும் விழும். தேயிலையை நம்பி வாழும் நமக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

இன்றைய நிலை என்ன? 2024-ல் அமெரிக்காவில் ஒரு குடும்பத்துக்கான கொம்பனிக் காப்புறுதியின் வருடப் பிரீமியம் சராசரியாக 25,572 டொலர். அதில் தொழிலாளர் பங்கு 6,296 டொலர். மிச்சத்தைக் கொம்பனி கட்டுகிறது. பிரீமியம் கட்டினாலும் உடனே எல்லாம் கிடைத்துவிடாது. அநேகமான காப்புறுதிகளில், வருடத்தின் முதற் செலவை நோயாளியே ஏற்க வேண்டும். தனி ஆளுக்கு அந்தத் தொகை 2024-ல் சராசரியாக 1,787 டொலர். அதைத் தாண்டிய பிறகுதான் காப்புறுதி தன் பங்கைக் கட்டத் தொடங்கும்.

நல்லது என்று சொல்ல என்ன இருக்கிறது? நல்ல கொம்பனியில் வேலை இருந்தால் நல்ல வைத்தியம் கிடைக்கும். மனைவி பிள்ளைகளையும் சேர்க்கலாம். 2010-ல் வந்த சட்டப்படி பிள்ளையை 26 வயது வரை பெற்றோரின் காப்புறுதியில் வைத்திருக்கலாம். 2014 முதல், ஏற்கனவே நோய் இருப்பவரைக் காப்புறுதிக்காரர் தள்ளிவிடவும் முடியாது.

இனி நமது நான்காவது கேள்வி. வேலை போனால்? அங்கேதான் முடிச்சு அவிழ்கிறது. 1980-களில் வந்த ஒரு சட்டப்படி, வேலை போனவர் பொதுவாக 18 மாதம் வரை அதே காப்புறுதியைத் தொடரலாம். ஆனால் கொம்பனியின் பங்கையும் சேர்த்து முழுப் பிரீமியத்தையும் அவரே கட்ட வேண்டும். "வேலையில இருக்கிறப்பவே கால்வாசிதான் கட்டுனேன், வேலையில்லாம முழுசையும் எங்க போயி கட்டுறது?" என்று கேட்க மாட்டாரா? 2020-ல் கொவிட் வந்து இலட்சக்கணக்கானவர்கள் வேலை இழந்தபோது, நோயும் வேலையிழப்பும் ஒரே வாசலால் உள்ளே வந்தன.

1965-ல் முதியவர்களுக்கும் வறியவர்களுக்கும் இரண்டு அரசாங்கத் திட்டங்கள் வந்தன. அவை பெரிய ஓட்டைகளை அடைத்தன. அப்படியிருந்தும் 2023-ல் சுமார் 2 கோடி 60 இலட்சம் அமெரிக்கர்களுக்கு எந்தக் காப்புறுதியும் இருக்கவில்லை. பலர் வேலை செய்கிறவர்களே. சிறு கடை, நாட்கூலி, தற்காலிக வேலை என்று, காப்புறுதி தராத இடங்களில் உழைப்பவர்கள்.

மூன்றாம் வழி: அரசாங்கப் பொது வைத்தியம்

இந்த வழி பிறந்ததும் தொழிலாளர் ஊரில்தான். பிரித்தானியாவின் வேல்ஸ் பகுதியில் ட்ரெடிகார் என்ற நிலக்கரி ஊர் இருக்கிறது. அங்கே 1890-ல் தொழிலாளர்கள் ஒரு மருத்துவ உதவிச் சங்கம் அமைத்தார்கள். சம்பளத்தில் பவுணுக்கு மூன்று பென்ஸ் கழித்துச் சங்கத்துக்குக் கட்டினார்கள். அதில் டொக்டர்கள், மருந்து, ஆஸ்பத்திரி எல்லாம் கிடைத்தது. குடும்பத்துக்கும் சேர்த்து. காலப்போக்கில் ஊரில் பெரும்பாலானோர் அதில் சேர்ந்துவிட்டார்கள்.

அந்த ஊரில் பிறந்து 13 வயதில் சுரங்கத்தில் இறங்கியவர் அனூரின் பெவன். அவருடைய தகப்பனார் நிலக்கரித் தூசினால் வந்த நுரையீரல் நோயால் இறந்தார். பெவன் தொழிற்சங்கத்தில் வளர்ந்து, பாராளுமன்றம் போய், 1945-ல் சுகாதார அமைச்சரானார்.

அதற்கு முன் அங்கே என்ன இருந்தது? 1911-ல் ஒரு தேசியக் காப்புறுதிச் சட்டம் வந்திருந்தது. வாரா வாரம் ஆண் தொழிலாளர் 4 பென்ஸ், முதலாளி 3 பென்ஸ், அரசாங்கம் 2 பென்ஸ் என்று கணக்கு. நோய் வந்தால் தொழிலாளருக்கு டொக்டர் கிடைத்தார். மனைவிக்கும் பிள்ளைக்கும் இல்லை. பிரசவத்துக்கு ஒரு உதவித்தொகை மட்டும் உண்டு. ஆகவே வீட்டிலே ஆம்பிளைக்கு நோய் என்றால் டொக்டர், பொம்பிளைக்கு நோய் என்றால் கசாயம் என்ற நிலை.

1948 ஜூலை 5-ஆம் திகதி தேசிய சுகாதார சேவை தொடங்கியது. ஏறக்குறைய 2,700 ஆஸ்பத்திரிகளை அரசாங்கம் பொறுப்பேற்றது. செலவு பெரும்பாலும் பொது வரியிலிருந்து. சிகிச்சை பெறும் இடத்தில் காசு கேட்கப்படாது. வேலை இருக்கிறதா, எங்கே வேலை, எத்தனை வருடம் என்று கேட்கப்படாது. நாட்டில் வாழ்பவர் என்பதே போதும்.

அந்த முதல் மாதங்களில் டொக்டர்மார் கண்டது என்ன தெரியுமா? பெண்கள் வந்தார்கள். கருப்பை இறங்கிய நிலையில், வருடக்கணக்காக யாரிடமும் சொல்லாமல், வேதனையை மூடி மறைத்துக்கொண்டு வீட்டு வேலையும் பார்த்து வந்த பெண்கள். காசில்லாததால் அவர்கள் தமக்கு நோயில்லாதது போல நடந்திருக்கிறார்கள். கூடை சுமக்கும் நமது தாய்மாருக்கு இந்தக் கதை புதிதல்ல.

இந்த வழியிலும் குறை உண்டு. செலவு எதிர்பார்த்ததை மிஞ்சியது. 1951-ல் பொய்ப்பல்லுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் கட்டணம் போட அரசாங்கம் முடிவெடுத்தபோது, அதை எதிர்த்த பெவன் தமது பதவியையே துறந்தார். 1952-ல் மருந்துக்கும் சிறு கட்டணம் வந்தது. இன்றும் இங்கிலாந்தில் மருந்துக் கட்டணம் உண்டு. 2024 மே மாதம் அது ஒரு மருந்துக்கு 9.90 பவுணாக்கப்பட்டது. ஆனால் பிள்ளைகள், கர்ப்பிணிகள், 60 வயது கடந்தவர்கள், வருமானம் குறைந்தவர்கள் கட்டத் தேவையில்லை. வேல்ஸ், ஸ்கொட்லாந்து, வட அயர்லாந்து மூன்றிலும் அந்தக் கட்டணமே இல்லை.

பெரிய குறை காத்திருப்புத்தான். 2023 செப்டம்பரில் இங்கிலாந்தில் காத்திருப்புப் பட்டியல் 77 இலட்சத்தைத் தாண்டியது. முழங்கால், இடுப்புச் சத்திரசிகிச்சைக்கு மாதக்கணக்கு. காசு உள்ளவர் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போகிறார். இல்லாதவர் நொண்டிக்கொண்டு காத்திருக்கிறார். காசு கேட்காத இடத்தில் காலம் கேட்கப்படுகிறது. ஆகவே 'இலவசம்' என்ற சொல்லோடு நாம் திருப்திப்பட்டுவிடக் கூடாது. எப்போது கிடைக்கும் என்பதையும் கேட்க வேண்டும்.

பக்கத்தில் பக்கம் வைத்துப் பார்த்தால்

காசு கட்டுபவர்: படையினருக்கு அரசாங்கம். கொம்பனிக் காப்புறுதியில் முதலாளியும் தொழிலாளரும். பொது வைத்தியத்தில் வரி கட்டும் எல்லாரும்.

கிடைப்பவர்: முதலாவதில் சேவையாளரும் குடும்பமும். இரண்டாவதில் வேலையில் இருப்பவரும், அவர் பிரீமியம் கட்டிச் சேர்த்த குடும்பமும். மூன்றாவதில் எல்லாரும்.

ஆஸ்பத்திரி: முதலாவதில் பெரும்பாலும் அரசாங்கத்தினுடையது. வெளி டொக்டர்களும் உண்டு. இரண்டாவதில் தனியாரும் தர்ம ஸ்தாபனங்களும். மூன்றாவதில் ஆஸ்பத்திரிகள் அரசாங்கத்தினுடையவை. குடும்ப டொக்டர்கள் ஒப்பந்தத்தில் இயங்குபவர்கள்.

வேலை நின்றால்: முதலாவதில் சேவைக்காலத்தைப் பொறுத்தது. இரண்டாவதில் வைத்தியமும் ஆட்டம் காணும். மூன்றாவதில் ஒன்றும் மாறாது.

இங்கே ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். 1945-ல் ஜனாதிபதி ட்ரூமன் அமெரிக்கர் எல்லாருக்கும் தேசியக் காப்புறுதி வேண்டும் என்றார். அந்நாட்டு டொக்டர் சங்கம் அதை 'சோஷலிச வைத்தியம்' என்று பயங்காட்டி எதிர்த்தது. திட்டம் விழுந்தது. ஆனால் அதே நாடு தன் சிப்பாய்க்கும் முன்னாள் வீரருக்கும் கொடுப்பது, அரசாங்க ஆஸ்பத்திரி, அரசாங்க டொக்டர், அரசாங்கச் செலவு. நாட்டுக்கு அவசியமான ஆள் என்று நினைத்தவருக்கு அரசாங்கம் இதையே கொடுத்திருக்கிறது. அப்படியானால் நாட்டுக்கு அவசியமான ஆள் யார் என்பதுதான் கேள்வி. துப்பாக்கி தூக்குபவர் மட்டுமா? சுரங்கத்தில் இறங்குபவரும் கொழுந்து எடுப்பவரும் இல்லையா?

நமது தோட்டம் எந்த வழி?

நாம் இரண்டு வழிகளுக்கு நடுவில் நிற்கிறோம். அதற்குக் காரணம் நமது சரித்திரம். பிரித்தானியர் ஆட்சியில் 1912-ல் வந்த மருத்துவத் தேவைகள் சட்டம், நோயுற்ற தொழிலாளரைக் கவனிப்பதைத் தோட்டத் துரையின் கடமையாக்கியது. தோட்டத்து டிஸ்பென்சரி, இ.எம்.ஏ. ஐயா, மருத்துவமாது, பிள்ளைக்காம்பரா எல்லாம் அந்த வழியில் வந்தவை. அதாவது, வேலை கொடுப்பவரே வைத்தியம் பார்ப்பது. நமது இரண்டாம் வழிக்கு நெருங்கியது.

நாட்டின் மற்ற மக்களுக்கோ அரசாங்க ஆஸ்பத்திரி. கட்டணமில்லை. செலவு வரியிலிருந்து. இது மூன்றாம் வழி. நீண்ட காலமாகத் தோட்டத்து வைத்தியம் "தோட்டம் பார்த்துக்கொள்ளும்" என்று தனியாக விடப்பட்டது. 1970-களில் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992-ல் மீண்டும் கொம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போயின. 1990-களிலிருந்து தோட்டத்து ஆஸ்பத்திரிகள் சிலவற்றைச் சுகாதார அமைச்சு பொறுப்பேற்றது. எல்லாம் இன்னும் போய்ச் சேரவில்லை.

இரண்டு கதவு இருப்பது நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் இரண்டு வீட்டு விருந்தாளி பட்டினி என்பது போல, தோட்டம் "டவுன் ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றும், மற்ற இடம் "உங்க தோட்டத்துல பார்க்கலையா?" என்றும் சொன்னால் நடுவில் நிற்பது நோயாளிதான். அதனால்தான் பொறுப்பு யாருடையது என்று தெரிந்து வைத்திருப்பது அவசியம்.

ஒன்றை நிச்சயமாகத் தெரிந்துகொள்ளுங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் கிடைப்பது தர்மம் அல்ல. கடையில் சாமான் வாங்கும்போது வரியும் சேர்த்தே நாம் கட்டுகிறோம். 2024 ஜனவரியில் வற் வரி 18 சதவீதமாக்கப்பட்டது. ஆகவே அங்கே போகும்போது தலை குனிந்து, "ஐயா, கொஞ்சம் பாருங்க" என்று கெஞ்சத் தேவையில்லை. பேர் பதிவு இருக்கிறவர், இல்லாதவர், பென்சனாகி வீட்டில் இருக்கும் தாத்தா, கொழும்பில் வேலை பார்த்துவிட்டு வந்த பிள்ளை, எல்லாருக்கும் அந்தக் கதவு ஒன்றுதான். தோட்டத்து வேலையை விட்டவுடன் வைத்தியத்துக்கு வழியில்லாமல் போய்விட்டது என்று எண்ணி வீட்டுக்குள்ளே முடங்குவது வேண்டாம்.

வீட்டில் செய்து வைக்க வேண்டியவை

கிளினிக் கொப்பி, பிள்ளையின் வளர்ச்சிக் குறிப்பு, அடையாள அட்டைப் பிரதி ஆகியவற்றை ஒரே பையில் வையுங்கள். டிஸ்பென்சரியிலிருந்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்போது துண்டு எழுதி வாங்குங்கள்.

வேலை நேரத்தில் காயப்பட்டால், சிறு காயமானாலும் அன்றைக்கே தோட்டத்தில் அறிவித்துப் பதியச் சொல்லுங்கள். 1934-ஆம் ஆண்டுத் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டப்படி, வேலையால் வரும் விபத்துக்கு நட்டஈடு வேலை கொடுப்பவரின் பொறுப்பு. பதிவு இல்லாவிட்டால் பிறகு நிரூபிப்பது கடினம்.

ஈ.ரீ.எஃப். என்ற ஊழியர் நம்பிக்கை நிதிக்கு உங்கள் சம்பளத்தின் 3 சதவீதத்துக்குச் சமமான தொகையைக் கொம்பனி கட்டுகிறது. உங்கள் கையிலிருந்து கழிப்பதில்லை. இருதய சத்திரசிகிச்சை, கண்வில்லை பொருத்துதல் போன்றவற்றுக்கு அந்த நிதியில் உறுப்பினருக்கு உதவி உண்டு. பலர் வேலையை விடும்போது எடுக்கும் காசு என்று மட்டுமே நினைத்திருக்கிறார்கள். நிபந்தனைகளையும் விண்ணப்பத்தையும் தோட்டக் காரியாலயத்தில் கேளுங்கள்.

அவசரம் என்றால் 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். 2016-ல் தொடங்கிய சுவசெரிய அம்பியூலன்ஸ் சேவை இது. கட்டணம் இல்லை. எந்தத் தோட்டம், எந்தப் பிரிவு, லொறிப் பாதை எங்கே முடிகிறது என்பதைத் தெளிவாகச் சொல்லப் பிள்ளைகளுக்கும் பழக்குங்கள். நடு இரவில் பதறிக்கொண்டு நிற்கும்போது அதுதான் உதவும்.

தனியார் காப்புறுதி விற்க யாராவது வந்தால், நமது நான்கு கேள்விகளையும் கேளுங்கள். எவ்வளவு காசு நாமே கட்டிய பிறகு அவர்கள் கட்டத் தொடங்குவார்கள், எந்த நோய்க்குக் கிடையாது, ஒரு தவணை தவறினால் என்ன ஆகும் என்று எழுத்தில் காட்டச் சொல்லுங்கள். வாசிக்கத் தெரிந்த பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கையெழுத்து வையுங்கள்.

கூடிப் பேசுவதற்குக் கேள்விகள்

1. உங்கள் லயத்தில் பேர் பதிவு இல்லாதவர்கள் எத்தனை பேர்? அவர்கள் நோய்ப்பட்டால் முதலில் எங்கே போகிறார்கள்?
2. இரவில் பிரசவ வலி வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போக எவ்வளவு நேரம் எடுக்கிறது? வாகனம் கொடுப்பது யார் பொறுப்பு?
3. பாலைவனத்து டொக்டர் ஆணிகளை அப்புறப்படுத்தச் சொன்னது போல, நமது மலையிலும் தொழிற்சாலையிலும் முன்கூட்டியே அகற்றக்கூடிய ஆபத்து எது?
4. பெண்கள் யாரிடமும் சொல்லாமல் மறைக்கும் நோய்களைப் பற்றிப் பேச, மருத்துவமாதுவோடு மாதம் ஒரு நாள் ஒதுக்க முடியுமா?
5. ட்ரெடிகார் சங்கம் போல, நமது மரணாதார சங்கத்தில் ஒரு பகுதியை ஆஸ்பத்திரிப் பயணச் செலவுக்கு வைக்கலாமா?

கடைசிக் கேள்வியை அடுத்த சங்கக் கூட்டத்தில் எடுத்துப் பேசுங்கள். செத்த வீட்டுக்குக் காசு சேர்க்கத் தெரிந்த நமக்கு, சாகாமல் காப்பாற்றவும் சேர்க்கத் தெரியும். உங்கள் பிரிவில் என்ன முடிவானது என்பதை எமக்கு எழுதி அனுப்புங்கள். மற்றத் தோட்டத்தாரும் அறிந்து பயன்பெறும்படி இந்தப் பக்கத்தில் வெளியிடுவோம்.